கடன் வாங்கிய கோல்கீப்பர்

வெளியூர் ஆட்டக்காரனை மேட்சுக்குக் கடன் வாங்குவதென்றால் எங்கள் புதுப்பட்டினத்தில் ஒரு முறை இருக்கிறது. கேப்டன் நேரில் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். பையனிடம் பேசிப் பிரயோஜனமில்லை, அவன் எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு தயாராகத்தான் இருப்பான். அவன் அம்மாவிடம் கேட்கவேண்டும். எந்த கிரவுண்டு, எத்தனை நாள், எங்கே படுப்பான், யார் சோறு போடுவார்கள் என்று எல்லாம் சொல்லி, அவள் சரி என்றால் கூட்டிவரலாம். ஆட்டம் முடிந்ததும் அதே கேப்டன் அவனைத் திரும்பக் கொண்டுபோய் அம்மாவின் கண்முன்னால் நிறுத்தி, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வரவேண்டும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் என் அண்ணன் ஜெரோம். ஒன்பது வருஷம் கேப்டன், இப்போது கோச். பிழைப்புக்கு எலெக்ட்ரீஷியன். நான் ரெஜினா, கிளப்பின் செயலாளர். படூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்ப்பதால் எனக்கு இங்கிலீஷில் லெட்டர் எழுத வரும் என்று இந்தப் பதவியைக் கொடுத்தார்கள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அதற்குள் பதிவேட்டில் என் பெயர் ஏறிவிட்டது.

எங்கள் கிளப்பை வெளிநாட்டுக்காரன் வாங்கினான் என்று சொன்னால் செங்கல்பட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இங்கிலாந்தில் ஹார்ஸ்பி டவுன் என்று ஒரு கிளப், மூன்றாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் அந்த ஊர்க்காரர் இல்லை, அந்த நாட்டுக்காரரே இல்லை. ஏதோ ஒரு தீவில் பதிவு செய்த குரூப். அந்த குரூப்புக்கு நாலைந்து நாடுகளில் குட்டி குட்டியாக கிளப் வேண்டுமாம். இளம் பையன்களை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று லோனில் மாற்றி மாற்றி ஆடவிட்டு, விலை ஏறினதும் விற்றுவிடுவார்களாம். இந்தக் கடற்கரையில் அவர்கள் கண்ணில் பட்டது நாங்கள்.

எங்கள் தலைவர் ஜானகிராமன் திருக்கழுக்குன்றம் பக்கம் விவசாயக் குடும்பம், இப்போது எட்டு லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷன், ஆனால் ஏசி ரூமில் உட்காரவைத்துப் பேசினால் கரைந்துவிடுவார். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் இறால் வறுவலும் ஒப்பந்தமும் ஒன்றாக வந்தன. அவர் இரண்டையும் முழுசாகப் பார்க்காமல் முடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் புது ஜெர்சி வந்தது. ஹார்ஸ்பியின் சின்னம் கொம்பு வைத்த ஆட்டுக்கடா. மீன் பிடிக்கிற ஊர்ப் பையன்கள் நெஞ்சில் ஆட்டை ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். மெம்பர்களிடம் மாசம் ஐம்பது ரூபாய் சந்தா வாங்குவதை நிறுத்துங்கள், அது புரொஃபஷனலாக இல்லை என்று குரூப்பிலிருந்து மெயில் வந்தது. 'ஆகட்டும்' என்று பதில் போட்டுவிட்டு நான் வசூலைத் தொடர்ந்தேன். முகம் தெரியாதவன் காசில் வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

போன அக்டோபரில் இன்னொரு மெயில். ஜோஷ்வா, வயது இருபது, கோல்கீப்பர், ஏப்ரல் கடைசி வரை உங்களுக்கு லோன். கூடவே பதினாலு பக்க ஒப்பந்தம். இரவல் கொடுப்பவர், இரவல் வாங்குபவர், இன்ஷூரன்ஸ், ஊதியம் என்று எல்லாம் அதில் இருந்தது. நான் அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க அம்மாவ பத்தி இன்னா போட்டுகீது?"

"அம்மாவ பத்தி ஒண்ணுமில்லண்ணே. இது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கிற விஷயம்."

"ஏன், கம்பெனியா பெத்துச்சு அவன?"

நான் மூன்று மெயில் போட்டேன். வீரரின் தாயாரிடம் பேசவேண்டும் என்று கேட்ட முதல் கிளப் நாங்கள்தான் போலிருக்கிறது. கடைசியில் அங்கே ஆபீஸில் யாரோ ஒரு பெண் இரக்கப்பட்டு நம்பர் கொடுத்தாள்.

அண்ணன் கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வீடியோ காலுக்கு உட்கார்ந்தார். ஜோஷ்வாவின் அம்மா பெயர் லிண்டா. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவர், ஏப்ரனோடுதான் பேசினார். இந்தியாவிலிருந்து கால் என்றதும் முதலில் பயந்துபோய்விட்டார். பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். அவன் இன்னும் கிளம்பவே இல்லை, அவனை அனுப்புகிறீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டோம் என்று நான் சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் முறைப்படி ஆரம்பித்தார். பையன் தன் வீட்டில்தான் இருப்பான், தன் மனைவி மேரி சமைப்பாள், காரம் குறைத்துப் போடுவாள், கடலில் இறங்க விடமாட்டோம். நான் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஏப்ரல் முப்பதுக்குள்ள என் கையால உங்க கையில குடுத்துடுவேன்" என்றார் அண்ணன்.

ஏப்ரல் முப்பதுக்குள் திரும்பி வந்துவிடுவான் என்று நான் சொன்னேன்.

"கையாலன்னு சொன்னியா?"

"அதெல்லாம் அவங்களுக்குப் புரியும்ணே."

"சொன்னியா, இல்லியா?"

சொன்னேன். லிண்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, சரி, அழைத்துக்கொள்ளுங்கள் என்றார். கூட ஒரு ஆள் இங்கிலாந்து வரைக்கும் போய்வர எவ்வளவு செலவு என்று நானாவது அந்த இடத்தில் யோசித்திருக்கவேண்டும். டிக்கெட்டெல்லாம் குரூப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.

ஜோஷ்வா நவம்பரில் வந்தான். ஆறடி நாலங்குலம். மேரி அண்ணி போட்டுவைத்த கட்டிலில் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியில் தொங்கியது. மறுநாளே அண்ணி ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் சேர்த்துப்போட்டாள். முதல் வாரம் வெறும் தயிர் சோறு. இரண்டாவது வாரம் சங்கரா மீன் வறுவல். மூன்றாவது வாரம் குழம்பு கேட்டு மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சாப்பிட்டான். டிசம்பர் மாசத்தில் அண்ணி மார்க்கெட்டில் எல்லாரிடமும் "எம் புள்ளைக்கு முள்ளு இல்லாத மீனா பாத்து குடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் பெற்ற இரண்டும் பெண்கள், இரண்டும் பெங்களூரில் இருக்கின்றன.

ஹார்ஸ்பியில் அவன் நாலாவது கோல்கீப்பர். எட்டு வயதில் அந்தக் கிளப்பில் சேர்ந்தவன், பெரிய டீமுக்கு ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. இங்கே ஆட ஃபுட்பால் சங்கத்தின் பர்மிஷன் வந்து ஜனவரியிலிருந்து ஆட ஆரம்பித்தான். மாவட்ட லீக்கில் பதினோரு மேட்ச். அவன் எம்பிப் பந்தைப் பிடிக்கும்போது கிரவுண்டைச் சுற்றி நிற்கிற ஜனம் மொத்தமும் விசிலடிக்கும். விசில் கேட்டால் அவன் காது சிவந்துவிடும். அவனுக்கு அதுவரைக்கும் யாரும் விசிலடித்ததில்லை என்று பிறகு சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மார்ச்சில் ஹார்ஸ்பியிலிருந்து வந்த செய்தி ஒன்றும் சரியாக இல்லை. சம்பாதிப்பதற்கு மேல் செலவு செய்து ஆட்டக்காரர்களை வாங்கியிருந்தார்கள். இரண்டு மாசமாகச் சம்பளம் போடவில்லை. அதற்குத் தண்டனையாக லீக்கில் பன்னிரண்டு புள்ளியைக் கழித்தார்கள். சொந்தக்காரரை இரண்டே முறைதான் கிரவுண்டில் பார்த்ததாக அந்த ஊர் ரசிகர்கள் பேட்டி கொடுத்தார்கள், இப்போது போனையே எடுப்பதில்லையாம். கடைசியில் கிளப் திவாலாகி, கடன் கணக்கைத் தீர்க்கிறவர்கள் கையில் போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் ஜோஷ்வா அண்ணிக்குப் பக்கத்தில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். அன்புள்ள வீரருக்கு, உங்கள் ஒப்பந்தம் இன்றோடு முடிக்கப்படுகிறது, லோன் ஏற்பாடுகளும் ரத்து. இரண்டே வரி. 'வீரருக்கு' என்ற இடத்தில் பெயர்கூடப் போடவில்லை. நான் குரூப் போட்டிருந்த ரிட்டர்ன் டிக்கெட்டைத் தேடினேன். அது புக் மட்டும் செய்து பணம் கட்டாமல் விட்ட டிக்கெட், எப்போதோ காலாவதியாகியிருந்தது.

அவன் அழவில்லை. மிச்ச இறாலை உரித்து முடித்தான். பிறகு அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றான். இங்கேயே இருந்துவிடுகிறேன், மறைமலைநகரில் ஏதாவது ஃபேக்டரியில் வேலை கிடைக்காதா என்று கேட்டான். அவன் விசாவும் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது என்பது அவனுக்கே தெரியும்.

அண்ணனுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவன அனுப்பிச்ச கம்பெனியே இல்லன்னு ஆயிடுச்சா?"

"ஆமாண்ணே. நம்மகூட போட்ட ஒப்பந்தமும் காத்துல போச்சு. இனிமே நமக்கும் அவனுக்கும் பேப்பர்ல ஒரு சம்பந்தமும் இல்ல."

"நான் கம்பெனிகிட்டயா கேட்டேன்? அவங்க அம்மாவாண்ட கேட்டேன். அந்தம்மா கீது இல்ல?"

அன்றைக்கே லிண்டாவைக் கூப்பிட்டு அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

மறுநாள் கமிட்டி கூடியது. ஜானகிராமன் தலை நிமிரவே இல்லை. டிக்கெட் காசு முழுக்க நானே போடுகிறேன் என்றார். அப்போது நான் சந்தாக் கணக்கைப் பிரித்துக் காட்டினேன். இரண்டரை வருஷமாக நிறுத்தாமல் வாங்கிய ஐம்பது ஐம்பது ரூபாய். ஜோஷ்வாவுக்கு ஒரு டிக்கெட், அண்ணன் போய்வர ஒரு டிக்கெட், இரண்டுக்கும் போதும். தீவில் ஆபீஸ் வைத்திருந்தவனால் முடியாததை மீன் மார்க்கெட்டு ஜனம் முடித்தது. நான் அன்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். பேசினேன்தான்.

அண்ணனிடம் பாஸ்போர்ட் இருந்தது, முன்பு இரண்டு வருஷம் துபாயில் வேலை பார்த்தவர். விசா ஃபாரத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நண்பரைப் பார்க்க என்று நான் எழுதினேன்.

"பொய் எழுதாத. ஆளை கொண்டு போயி வுடறதுக்குன்னு எழுது."

"அப்டியெல்லாம் ஒரு காரணமே கெடையாதுண்ணே."

"நெசமா அதுக்குத்தான போறேன்."

அப்படியே எழுதினேன். ஊர் திரும்பும் ஒரு வீரரை அவர் தாயாரிடம் நேரில் ஒப்படைப்பதற்காக. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இவர் திரும்பி வந்துவிடுவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஆகவே விசா இல்லை. அண்ணன் அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

"நான் திருப்பிக் குடுக்கப் போறவன். என்னப் போயி திரும்ப வரமாட்டான்றாங்களா?"

 அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனார். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் கடிதத்தைப் பார்த்தேன். 

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி சீசனின் கடைசி மேட்ச். மறைமலைநகர் டீமோடு டிரா செய்தால் போதும், மேல் டிவிஷனுக்குப் போய்விடுவோம். கிளப் வரலாற்றில் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. மேட்சுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அண்ணன் லிஸ்டை வாசித்தார். கோல்கீப்பர் சரவணகுமார். ஜோஷ்வா பெஞ்சில்கூட இல்லை.

தலைவர் முதலில் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தார். "ஜெரோமு, இன்னா இது? அந்த ஒசரத்த வெச்சிகினு சரவணனப் போயி நிக்க வெக்கிற. அவன் குதிச்சா சாக்ஸ் கூட மண்ணவுட்டு எழும்பாது."

"நாலு நாள்ல அவன் ஊருக்குப் போவணும் தலைவரே. இன்னிக்கி கை கால் ஒடிஞ்சா நான் யாராண்ட போயி இன்னா சொல்றது?"

ஜோஷ்வாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். நான் ஆட்டக்காரன், கண்ணாடிப் பாத்திரமில்லை என்றான். அங்கே என்னை ஆடவிடவில்லை, இங்கேயும் விடமாட்டீர்களா என்றான். நான் மொழிபெயர்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அண்ணன் அவனை கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உட்காரவைத்துச் சின்னராசுவின் கதையைச் சொன்னார். நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அண்ணன் இளவட்டமாக கேப்டனாக இருந்த காலம். செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து சின்னராசு என்று ஒருவனைக் கடனாகக் கூட்டிவந்தார்கள். ஆட்டத்தில் அவன் கழுத்தெலும்பு உடைந்தது. இவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்த குஷியில் அவனுக்கு ஒரு துண்டைக் கட்டிவிட்டு, கையில் பஸ் காசைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். வழியில் மயங்கி விழுந்தவனை கண்டக்டர் யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மறுவாரம் அண்ணன் அவன் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா திட்டவில்லை. "இட்டுகினு போவும்போது மட்டும் நாலு பேரு வந்தீங்களே நைனா" என்று மட்டும் கேட்டார். சின்னராசு பிழைத்துக்கொண்டான், நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் பிறகு பந்தைத் தொடவில்லை.

 கதை முடிந்ததும் ஜோஷ்வா எழுந்துபோய் சரவணகுமாருக்குத் தன் கையுறையைக் கொடுத்தான். ஆட்டம் முழுக்க போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று இடது, வலது, வெளியே வா என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தான். இரண்டு கோலில் தோற்றோம். ஜானகிராமன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் வலிக்கத்தான் செய்தது. அண்ணனை அன்று முழுக்க நான் அண்ணே என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் இருபத்தொன்பது, ஜோஷ்வாவுக்கு மான்செஸ்டருக்குக் காலை விமானம். விடிகிற நேரத்தில் ஜானகிராமனின் இன்னோவா வாசலில் வந்து நின்றது. முகம் உர்ரென்றுதான் இருந்தது, ஆனால் அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி பாதி மூட்டை கருவாட்டைப் பெட்டியில் திணித்திருந்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன், அவள் மறுபடி திணித்தாள். கிளம்பும்போது அவன் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

 மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வருபவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அங்கே போனதும் அவர் ஜோஷ்வாவை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய் நீங்கள் மான்செஸ்டர் போகிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் அவர் திட்டம் புரிந்தது. முதன்முதலாக விமானம் ஏறுகிற அம்மா அப்பாவை அதே விமானத்தில் போகிற யாரிடமாவது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சேர்த்துவிடுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். அண்ணன் ஆறடி நாலங்குல வெள்ளைக்காரனை அவன் நாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பையன், "அங்கிள், அவரே போயிடுவாரு அங்கிள்" என்று நகர்ந்துவிட்டான். இன்னொருவர் அண்ணனைச் சந்தேகமாகப் பார்த்துப் பெட்டியை இழுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. விட்டுவிடுங்கள் அண்ணே என்று சொல்லப் போனேன்.

அந்த நேரத்தில் ஒருவர் நேராக ஜோஷ்வாவிடம் வந்து நின்றார். பெயர் மோகன், மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் அவர் அம்மா எல்லம்மாள், புடவைக்கு மேல் ஸ்வெட்டர், பாஸ்போர்ட்டை பைபிள் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சார், மான்செஸ்டரா? எங்க அம்மாக்கு இதான் மொத தபா. தங்கச்சி கீர்த்தனா அங்க நர்ஸா கீது, காலு ஆபரேஷன் ஆயி படுத்துகினு கீது. நடுவுல வேற பிளேன் மாறணுமாம். கொஞ்சம் கூட இட்டுகினு போறீங்களா?"

ஜோஷ்வா பதில் சொல்லுமுன் அண்ணன் குறுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க ஒங்க அம்மாவ இவன்கிட்ட குடுக்கிறது இருக்கட்டும். நான் இவன ஒங்க அம்மாகிட்ட குடுக்கலாம்னு கீறேன்."

மோகனுக்குப் புரியவில்லை. எல்லம்மாளுக்குப் புரிந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து ஜோஷ்வாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இம்மாம் ஒசரத்தையா? யாரு பெத்த புள்ள?"

"அங்க அவங்க அம்மா காத்துகினு கீறாங்க. கடனா வாங்கியாந்த புள்ளம்மா. நானே வந்து குடுக்கிறேன்னு வாக்கு குடுத்துட்டேன். என்னால வர முடியல" என்றார் அண்ணன். அவர் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

எல்லம்மாள் பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். "அழுவாத. அந்தம்மா கையிலயே குடுக்கிறேன்" என்றார். ஜோஷ்வாவின் விரலைப் பிடித்துக்கொண்டார். அவன் அவருடைய பெட்டியையும் தன் பெட்டியையும் தள்ளிக்கொண்டு நடந்தான். கேட்டுக்குள் போய் ஒரு தரம் திரும்பி, கையை உயர்த்திக் காட்டினான். கண்ணாடிக்கு அப்பால் அந்த உயரமும் அந்தக் குட்டி ஸ்வெட்டரும் மறையும் வரைக்கும் அண்ணன் நின்றார்.

திரும்பி வரும்போது தலைவர்தான் முதலில் பேசினார். "அடுத்த வருஷம் மேல போயிக்கலாம் வுடு, ஜெரோமு" என்றார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவன் அம்மாவிடம் நான் நேரில் போகவில்லையே என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லிண்டாவிடமிருந்து கால். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு வந்தார். லிண்டாவின் கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவரே சொன்னார். ஜோஷ்வா இரண்டு பேருடைய பெட்டியையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தானாம். ஊன்றுகோலோடு ஒரு பெண் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாளாம். அந்த அம்மா மகளைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டிவிட்டு, கூட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாராம். ஜோஷ்வா லிண்டாவைக் காட்டியதும் நேராக வந்து, அவன் கையை எடுத்து லிண்டாவின் கையில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாராம். மகள்தான் இங்கிலீஷில் சொன்னாளாம். புதுப்பட்டினத்து ஜெரோம் கொடுத்தனுப்பினார், முழுசாகக் கொண்டுவந்துவிட்டேன், பார்த்து வாங்கிக்கொள் என்று. லிண்டா பதில் சொல்லுகிற வரைக்கும் பிடியை விடவில்லையாம். அதற்குப் பிறகுதான் தன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நான் வர்றேன்னு சொல்லிட்டு வராததுக்கு மன்னிச்சுக்கச் சொல்லு" என்றார்.

நான் சொன்னேன்.  லிண்டா நிதானமாக, நான் விட்டுவிடாமல் மொழிபெயர்க்கவேண்டும் என்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஹார்ஸ்பி கிளப்பின் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தேன். மழையிலும் பனியிலும் அவனாகத்தான் இருட்டில் நடந்து வருவான். ஒருநாள்கூட யாரும் அவனை என் கையில் கொடுத்ததில்லை. நேற்றுதான் கொடுத்தார்கள்."

நான் ஒரு வார்த்தையும் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணன் அந்தச் சின்னத் திரைக்கு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு வாய்விட்டு அழுதார், அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.